ஏட்டில் இருந்தால் போதுமா?

1821-இல் செக்கோயா என்னும் பேரறிவாளர் செரோக்கி மொழிக்கு எழுத்து வகுத்தார். 1828-இல் 'செரோக்கி பீனிக்ஸ்' இதழ் எழுந்தது. எழுத்து இருந்தது, ஏடு இருந்தது, ஆதிக்கத்தைத் தடுக்கும் ஆற்றல்தான் இல்லை! 1838-இல் படைகொண்டு அவர்களை மேற்கே விரட்டினர். கண்ணீர்ப் பாதையில் மாண்டோர் ஏறத்தாழ 4,000 பேர் என்பர். பின்னர் விடுதிப் பள்ளிகளில் தாய்மொழி பேசிய பிள்ளைகளைத் தண்டித்தனர்.

விளைவு யாது? 2019-இல் மூன்று செரோக்கி அரசுகளும் கூடி, மொழிக்கு நெருக்கடி நிலை அறிவித்தன. அன்று சரளமாகப் பேசியோர் ஏறத்தாழ 2,000 பேரே, பெரும்பாலோர் முதியோர்!

எனவேதான் ஓக்லஹோமாவிலும் வட கரோலினாவிலும் மக்கள் கூடியமர்ந்து பேச்சுப் பழகுகின்றனர். 'ஒசியோ' என்பது வணக்கம். 'வாடோ' என்பது நன்றி. தரும் பொருள் நீர்மமா, நீண்டதா, உயிருள்ளதா என்பதற்கேற்பக் 'கொடு' என்னும் வினையே வேறுபடும் மொழி அது! அகராதி அதனை விளக்கும். அடுக்களைப் பேச்சே அதனைப் பழக்கும்.

"மாலை வகுப்பில் நாலு சொல் கற்றால் மொழி மீளுமோ?" என எள்ளி நகைப்போர் உண்டு. தோழர்களே, நாவில் இல்லாத மொழி வேறெங்கு வாழும்? 2019-இல் செரோக்கி நாட்டரசு 1 கோடியே 60 லட்சம் டாலர் ஒதுக்கியது, நன்று. பொருள் கட்டடம் எழுப்பும். மூத்தோர் பேச, இளையோர் கேட்டு மறுமொழி சொன்னால்தான் மொழி எழும். முதியோர் நமக்காகக் காத்திரார். ஆதலின் நாளை என்பது நஞ்சு; இன்றே பேசுக!