கூலி குடு, பேரையும் குடு



இந்த இதழின் தலையங்கத்தை என் பிழைப்பிலிருந்து தொடங்குகிறேன். இதழ் வேலை போக மற்ற நேரத்தில் நான் கூலிக்குப் பாட்டு எழுதுகிறவன். ராப், ஹிப்-ஹாப், சொல்லிசை என்று எந்தப் பேரில் கேட்டாலும் எழுதித் தருவேன். கம்பெனி கிடையாது, மாசச் சம்பளம் கிடையாது. வாட்ஸ்அப்பில் ஒரு பீட் வரும். ‘இந்த மாதிரி வேணும்’ என்று வேறொருத்தர் பாட்டும் கூடவே வரும். நிமிடத்துக்கு 90 தட்டு ஓடுகிற பீட்டில் 16 பார் என்றால் ஏறக்குறைய 43 விநாடி. அந்த 43 விநாடிக்குள் ஒருத்தனுடைய ஊர், கோபம், காதல், திமிர் எல்லாத்தையும் அடக்கணும். வினைச்சொல் கடைசியில் வந்து நிற்கிற மொழி நம்முடையது. வந்தான், நின்னான், சொன்னான் என்று இயைபு சும்மாவே விழும். சும்மா விழுகிறது காதில் தங்காது. வாக்கியத்தை உடைச்சு, பெயர்ச்சொல்லைக் கடைசிக்குத் தள்ளி, எங்கே மூச்சு விடணும் என்று குறி போட்டு, என் குரலிலேயே ஒரு தடவை பாடிப் பதிந்து அனுப்பணும். ஜிம் திறப்பு விழாவுக்கும் எழுதியிருக்கேன், கல்யாண மாப்பிள்ளைக்கும் எழுதியிருக்கேன், சினிமா வாய்ப்புத் தேடி அலையும் பையன்களுக்கும் எழுதியிருக்கேன். இதில் எனக்கு வெக்கம் ஒண்ணும் இல்லை. உழைப்பு, அதுக்குக் கூலி.

வெக்கம் வேறொரு இடத்தில் வந்தது. வசதியான வீட்டுப் பையன் ஒருத்தர் வந்தார். “ப்ரோ, ஏரியா ஃபீல் வேணும், கொஞ்சம் ராவா இருக்கணும்” என்றார். எழுதினேன். எங்க சேரிக் குழாயடி, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் உதவித்தொகைக்காக எங்களை மட்டும் சாதி சொல்லி எழுப்பி நிறுத்தின காலை, எங்கம்மாவின் கூடை, எல்லாம் அந்த 16 பாரில் போய் உட்கார்ந்தது. அம்பேத்கர் பேர் ஒரு இடத்தில் வந்தது. “அது மட்டும் வேணாம், ஸ்பான்சர் ஒத்துக்க மாட்டாங்க” என்றார். எடுத்தேன். ஜிபேயில் 4000 ரூபாய் விழுந்தது. என் பேர் எங்கேயும் வராது என்பது பேச்சு. பாட்டு ஓடிச்சு. ஒரு பேட்டியில் அவரைக் கேட்டார்கள், இந்த வலி உங்களுக்கு எப்படித் தெரியும் என்று. “அப்படியே உள்ளேருந்து வந்துச்சு” என்றார். யாருடைய உள்ளே?

எங்க நைனா சாவுக்குப் பறை அடிச்சவர். ஊர்த்தெருவில் எவன் செத்தாலும் ராத்திரி பகல் பார்க்காமல் போகணும். உயிரோடு இருந்தபோது தன்னைச் செருப்போடு தெருவில் நடக்க விடாத ஆண்டை செத்தாலும், ‘தருமப் பிரபு போயிட்டாரே’ என்று பாடணும். வரமாட்டேன் என்று சொல்ல முடியாது. கூலி இவ்வளவு என்று பேச முடியாது. குடுக்கிற நெல்லையும் கள்ளையும் வாங்கிக்கணும். நைனாவுக்குப் பேர் இருந்தது ஊர்த்தெருவில் எவனுக்கும் தெரியாது. 1990களில் எங்க சேரிப் பசங்க கூடி, இனி சாவுக்கு அடிக்கிறதில்லை என்று முடிவு எடுத்தாங்க. அன்னைக்குத்தான் நைனா பறையை ஆணியில் மாட்டினார். அந்தப் பேட்டியைப் பார்த்த ராத்திரி எனக்கு ஞாபகம் வந்தது அந்த ஆணிதான். லேப்டாப்பை வெச்சுக்கிட்டு நான் செய்யறதும் அதே வேலைதானா?

இதை யோசிக்கும்போது ஹிப்-ஹாப் பிறந்த இடத்தையே பார்க்கணும். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி, 1973 ஆகஸ்ட் 11. செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் குடியிருப்பில் கூல் ஹெர்க் தன் தங்கச்சி நடத்திய விருந்துக்குத் தட்டுகளைச் சுழற்றினார். நெடுஞ்சாலைக்காக வீடுகள் இடிக்கப்பட்டு, பிறகு கட்டடங்கள் எரிந்து, அரசு கைகழுவிய கறுப்பின, லத்தீன மக்களின் பகுதி அது. 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் யாருடைய பேரிலிருந்து தங்கள் பேரை எடுத்துக்கொண்டார்களோ, அந்தக் கறுப்பின மக்களின் பிள்ளைகள் உண்டாக்கிய கலை. எதுவும் இல்லாதவன் ‘நான் இன்னார்’ என்று மைக்கில் சொல்வதுதான் அதன் அடிப்படை.

அந்தக் கலை ஊர் உலகத்துக்குத் தெரிந்ததே ஒரு களவோடுதான். 1979இல் சுகர்ஹில் கேங் வெளியிட்ட ‘ராப்பர்ஸ் டிலைட்’ பெரிய அளவில் விற்ற முதல் ராப் பாட்டு. அதில் பாடிய மூவரில் ஒருவர் பிக் பேங்க் ஹேங்க். பிட்சாக் கடையில் வேலை பார்த்தவர். அவர் பாடிய வரிகள் பிராங்ஸில் பேர்பெற்ற கிராண்ட்மாஸ்டர் காஸின் நோட்டுப் புத்தகத்திலிருந்து வந்தவை. காஸுக்குப் பேரும் வரவில்லை, பணமும் வரவில்லை. காஸ் அப்போது வைத்திருந்த இன்னொரு பேர் கேசநோவா ஃப்ளை. அந்தப் பேரை எழுத்துக் கூட்டிச் சொல்கிற இடம் ஒன்று வரியில் இருந்தது. ஹேங்க் அதைக்கூட மாத்தாமல் அப்படியே பாடி வைத்தார். திருடின குடத்தில் சொந்தக்காரன் பேர் பொறிச்சிருக்கிற கதை. உலகமே அந்தப் பேரைக் கேட்டது, ஒருத்தரும் அந்த ஆளைத் தேடவில்லை.

அடுத்தவருக்கு எழுதுவதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. பிஸ் மார்க்கிக்கு பிக் டாடி கேன் எழுதினார், அது எல்லாருக்கும் தெரியும். 1999இல் டாக்டர் டிரே பாடிய ‘ஸ்டில் டி.ஆர்.இ.’ பாட்டில் எழுதியவர்கள் பட்டியலிலேயே ஜே-சி பேர் இருக்கு. அங்கே இருப்பது பங்கு. காஸுக்கு நடந்தது கொள்ளை. ரெண்டுக்கும் நடுவில் இருக்கிறது எழுதினவன் பேர்தான்.

நம்ம பக்கம் வருவோம். 2018 சனவரியில் சென்னையில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடை ஏறியபோது கானாவும் ராப்பும் ஒரே கூட்டத்தில் நின்றன. அந்தக் குழுவிலிருந்து வந்த அறிவு எழுதிப் பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’ 2021இல் உலகம் முழுக்கப் போனது. அதே ஆண்டு ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டையில் அறிவு இல்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் அவரை வைத்துத் தனியாக ஒரு இணைய அட்டை வந்தது. அவ்வளவு பேர் அறிந்த கலைஞருக்கே இந்தக் கதி. பேரே போடாமல் எழுதித் தருகிற எங்களைப் போன்றவர்களை யார் தேடப் போகிறார்கள்?

‘ஆசிரியன் செத்துவிட்டான்’ என்று நம் சிறுபத்திரிகைகள் ஒரு காலத்தில் பக்கம் பக்கமாக விவாதித்தன. ரோலண்ட் பார்த் 1967இல் சொன்னது. நானும் அதை வாயில் போட்டு மென்றவன்தான். இப்போது கேக்கத் தோணுது: ஆசிரியனாய்ப் பொறக்கவே விடாதவன் எப்பிடிச் சாவான்?

பேர் என்பது வெறும் கௌரவம் என்று நினைக்கிற மாணவர்களுக்கு ஒண்ணு சொல்றேன். ராயல்டி பேரைப் பார்த்துத்தான் வரும். பாட்டைப் பதிவு செய்கிற ஏட்டில் எழுதியவர் இன்னார் என்று இல்லாவிட்டால் ஒரு பைசா உங்களைத் தேடி வராது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தைப் படிங்க. எழுத்தில், கையெழுத்தோடு இல்லாத உரிமை மாற்றம் செல்லாது. எத்தனை வருசம் என்று எழுதாமல் விட்டால் ஐந்து வருசம்தான். பாட்டை முழுசா விற்ற பிறகும் ‘இது நான் எழுதியது’ என்று சொல்லும் உரிமை 57ஆம் பிரிவில் இருக்கு. 2012 திருத்தத்துக்குப் பிறகு, சினிமாவிலோ ஒலிப்பதிவிலோ சேர்ந்த பாட்டின் ராயல்டியில் எழுதியவருக்குச் சரிபாதிப் பங்கு உண்டு. தியேட்டரில் படத்தோடு ஓடுவது மட்டும் விலக்கு. அந்தப் பங்கை எழுதினவரே விரும்பினாலும் வாங்கினவருக்கு விட்டுக்கொடுக்க முடியாது. எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை வாரிசுக்குப் போகும். எங்க பேரப்பிள்ளைகள் சாப்பிட வேண்டியதை 4000 ரூபாய்க்கு வித்துட்டேன், சட்டம் தெரியாமல்.

இதோடு முடிந்தால் இது ஒரு கூலிக்காரன் புலம்பல். முடியவில்லை. ஒரு ஏப்ரல் 14 கூட்டத்துக்கு விழுப்புரம் பக்கத்துக் கல்லூரி மாணவி ஒருத்தி பாட்டு எழுதிக் குடுத்தாள். நல்ல பாட்டு. மேடையில் நாலு பேர் பாடி, கூட்டம் எழுந்து நின்றது. துண்டறிக்கையில் வரவேற்புரை, சிறப்புரை, நன்றியுரை எல்லார் பேரும் போட்டிருந்தோம். ஒலி ஒளி அமைப்பு யார் என்றும் போட்டிருந்தோம். கூட்டம் முடிஞ்சு அவள் வந்து, “அண்ணா, மைக்செட்டுக்காரர் பேருகூட இருக்கு, என் பேரு இல்லியே?” என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “இயக்கப் பாட்டுக்குப் பேரு எதுக்கும்மா, அது மக்கள் சொத்து.” அவள் ஒண்ணும் பேசாமல் பஸ் ஏறிப் போயிட்டாள். அந்த வசதியான வீட்டுப் பையனாவது எனக்கு 4000 ரூபாய் குடுத்தார். நான் அவளுக்குப் பஸ் காசுகூடக் குடுக்கவில்லை.

மக்கள் பாட்டுக்குப் பேர் கிடையாது என்று வாதாடலாம். நம்ம பாட்டிகள் நடவுக்கும் எழவுக்கும் கட்டின பாட்டுக்கெல்லாம் பேர் இருந்ததா என்று கேக்கலாம். அந்தப் பாட்டுகள் எத்தனையோ புத்தகமாய் வந்திருக்கு. அட்டையில் தொகுத்தவர் பேர் பெரிசாய் இருக்கும். பாடினவளைத் தேடினால் பல புத்தகங்களில் ‘ஒரு மூதாட்டி’ என்று இருக்கும். பேர் வேண்டாம் என்று அவள் சொன்னாளா? கேட்டவன் யார்? வடசென்னையில் மரண கானா பாடுகிற எங்க சித்தப்பா இதில் உஷார். பாட்டுக்கு நடுவிலேயே தன் பேரையும் ஏரியாவையும் சொல்லிவிடுவார். போடுவதற்கு வேறு ஏடு இல்லாதவன் பாட்டையே ஏடாக்கிக்கிட்டான். காஸும் அதைத்தான் செய்தார்.

நைனாவின் பறைக்கும் என் லேப்டாப்புக்கும் வித்தியாசம் வரணும் என்றால் மூணு விசயம் வேணும்: பேசி வாங்குகிற கூலி, பாட்டோடு போகிற பேர், முடியாது என்று சொல்லும் உரிமை. இதில் ஒண்ணு குறைஞ்சாலும் அது பழைய ஊழியம்தான், கருவி மட்டும் புதுசு. இனி என் தெருவைக் கேட்டு வருகிறவருக்கு என் பேரோடுதான் தருவேன். அம்பேத்கர் பேரை எடுக்கச் சொன்னால் பாட்டே கிடையாது. ஜிம் பாட்டு எழுதிக்கிட்டுத்தான் இருப்பேன், வாடகை கட்டணும்.

இயக்கத் தோழர்களுக்கும் இது பொருந்தும். இந்த இதழ் முதல் பாட்டோ கவிதையோ எழுதியவர் பேர் இல்லாமல் வராது. நம் மேடைக்கு எழுதுகிறவர்களுக்கு 500 ரூபாயாவது குடுப்பது என்று ஆசிரியர் குழு முடிவு செய்திருக்கு. அச்சகத்துக்குப் பாக்கி இருக்கு என்பது தெரிந்தேதான் இந்த முடிவு. அந்த மாணவியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் சம்மதத்தோடு, அவள் பேரோடு, அந்தப் பாட்டு மூன்றாம் பக்கத்தில் வருகிறது. கூட்டங்களில் அதைப் பாடுகிறவர்கள் எழுதினவள் பேரைச் சொல்லிட்டுப் பாடுங்க. வேற பாட்டு பாடறதா இருந்தா, யார் எழுதினது என்று விசாரிச்சுட்டுப் பாடுங்க.

ஜெய்பீம்.