ஆஸ்பிரின் பலிக்கவில்லையா?

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டுப் பக்கவாதம் கண்டவர்களுக்கு, அது மீண்டும் வராதிருக்க ஆஸ்பிரின் கொடுப்பது வழக்கம். இரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக் கட்டியாவதை அது தடுக்கிறது. இவ்வணுக்களுக்கு உட்கரு இல்லையாதலால், ஆஸ்பிரின் முடக்கிய நொதியை அவை தம் ஆயுளான ஏழு முதல் பத்து நாள் வரையில் மீண்டும் ஆக்கிக்கொள்ள இயலாது. ஆயினும் எலும்பு மச்சை நாள்தோறும் புதிய தட்டணுக்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. சில நாள் மாத்திரை தவறினால் காப்பும் குறைந்துவிடும்.

மருந்து எழுதிக் கொடுத்தும் நோய் திரும்பியவரை "ஆஸ்பிரினுக்கு அடங்காத உடம்பு" என்று சொல்லிவிடுவது எளிது; பெரும்பாலும் அது அவசரத் தீர்ப்பே. அவ்வாறு கருதப்பட்டோர் பலருடைய இரத்தம், மாத்திரையைக் கண்ணெதிரே விழுங்கச் செய்தபின் அடங்கியதுண்டு. மூட்டு வலிக்கென முன்னதாக உண்ட இபுப்ரூபென், ஆஸ்பிரின் பற்றவேண்டிய இடத்தை அடைத்துக்கொள்வதும் உண்டு. துடிப்பு ஒழுங்கற்ற இருதயத்தில் உறைந்த கட்டி மூளைக்கு ஏறியதாயின், அதற்குரிய மருந்தே வேறு.

காரணம் தேடாமல் அளவை மட்டும் கூட்டினால் இரைப்பையில் இரத்தக் கசிவே மிகும். ஆதலால் வீடு செல்லும் ஊழியர் முதலில் கேட்டு வாங்கிப் பார்க்கவேண்டியது மாத்திரை அட்டையை. இரத்தச் சோதனை அதற்குப் பின்னரே.