"சின்ன வலிதானே, ஓடு!"

இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கினால் மைதானத்தைச் சுற்றி நிற்பவர்களிடம் ஆசிரியர்கள் நாங்கள் அதிகம் கேட்கும் வார்த்தை இதுதான்.

பதின்மூன்று வயதில் அது சின்ன வலி இல்லை. வளரும் பிள்ளையின் எலும்பு நுனியருகே வளர்ச்சித் தட்டு இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். பெரியவருக்குச் சுளுக்கோடு போகும் விழுகை, பிள்ளைக்கு அந்தத் தட்டிலேயே முறிவாகலாம். கவனிக்காமல் விட்டால் கை, கால் கோணலாக வளரவும் கூடும். ஆகவே வீங்கிய கணுக்காலில் எண்ணெய் போட்டு உருவவே வேண்டாம். நொண்டும் பிள்ளையை உட்கார வைத்து, துணியில் சுற்றிய ஐஸை 15-20 நிமிடம் வைப்போம், காலை உயர்த்தி வைப்போம். ஊன்ற முடியவில்லையா? அன்றே எக்ஸ்ரே.

பெருநாள் மேட்சுக்கு மட்டும் பூட்ஸ் தேடும் நாற்பது வயதுக்காரர் கதை வேறு (நம்மில் பலர்தான்!). உடம்பைச் சூடாக்காமல் திடீரென ஓடினால் குதிகாலுக்கு மேலுள்ள நாண் அறுந்துபோகலாம். நெஞ்சு இறுகினால் "வாயு" என்று சோடா தேடாமல் 1990க்கு அழையுங்கள்.

இம்முறை மைதானத்துக்கு ஓர் ஐஸ் பெட்டி தாருங்கள் என்று பழைய மாணவர்களிடம் கேட்கிறோம். இப்போதைக்கு ஐஸ் இருப்பது ஐஸ்கிரீம் வண்டியில் மட்டும்தான்.