இடுப்பு ஆடினால் இயக்கம் ஆடிப்போகுமா?

நாற்பத்திரண்டு வயதில் பெல்லி டான்ஸ் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். சென்னையில், ஏசி போட்ட மாடி அறை, சுவர் முழுக்கக் கண்ணாடி, மாதம் 3,000 ரூபாய். நாலு மாசம் ஆகுது. விஷயம் தெரிந்ததிலிருந்து தோழர்கள் சிலருக்குத் தூக்கம் போய்விட்டது. ஒருவர் கூட்டம் முடிந்து டீக்கடையில் வைத்துக் கேட்டார்: "நம்ம பறை இருக்கும்போது இந்த அரேபிய ஆட்டம் எதுக்கு தோழர்? சுல்தானுங்க முன்னாடி ஆடுனது." இன்னொருவர் என்னிடம் கேட்கவில்லை, என் வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறார். பெண்ணின் உடம்பைப் பற்றிப் பேச இன்னமும் புருஷன்தான் முகவரி போலிருக்கிறது.

முதல் நாள் வகுப்பைச் சொல்கிறேன். முட்டியை லேசா மடக்கு, நெஞ்சு அசையக் கூடாது, இடுப்பை மட்டும் ஒரு பக்கம் தூக்கி இறக்கு என்றார் ஆசிரியை. இடுப்பைத் தூக்கினால் எனக்குத் தோளும் கூடவே எழுந்து வருது. பக்கத்தில் இருபது வயசுப் பிள்ளைகள், காசு தைத்த துணியை இடுப்பில் முடிந்துகொண்டு சலங்சலங்கென்று ஆட்டுகிறார்கள். எனக்குக் கண்ணாடியைப் பார்க்கவே கூசியது. ஊர்த்தெருவில் நடக்கும்போது நெளியாம நட, குனிஞ்சு நட என்று அம்மா சொல்லிச் சொல்லி இறுக்கி வைத்த இடுப்பு இது. அம்மாவுக்கு அது பயம். எனக்கு அது எலும்பாகிப் போச்சு.

அன்றைக்கே ஆசிரியை சொன்னார்: "இது கலை. நம்ம ஊர்த் திருவிழாவுல ஆடுற ஆபாச ஆட்டம் மாதிரி நினைச்சிடாதீங்க." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்காக என்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. ஏன்னா அந்தத் திருவிழாவுல கரகம் எடுத்து ஆடுனது எங்க பெரியம்மா.

விடிய விடிய ஆடுவாள். தலையில் செம்பு, கீழே சாராய நெடி. ரூபாய் நோட்டைக் குத்துகிறேன் என்று ஊர்க்காரன் ரவிக்கைமேல் கை வைப்பான். 90களில் இயக்கம் வந்தது. இனி ஊருக்காகப் பறை அடிக்க மாட்டோம், நம்ம பொண்ணுங்க ஆடவும் போக மாட்டாங்க என்று சேரியில் முடிவெடுத்தார்கள். சரியான முடிவு. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் பறை திரும்பி வந்ததே தோழர், விடுதலை இசையாக, நம் மேடைக்கு! கரகம் ஏன் வரவில்லை? அடிச்சவன் ஆம்பள, ஆடுனவ பொம்பள. அவனுக்கு இழிவு நீங்கியது, அவளுக்கு மட்டும் ஒட்டிக்கொண்டது. பெரியம்மாவின் செம்பு இன்றைக்கும் பரணில் கிடக்கு.

சுல்தான் கதை சொன்ன தோழருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எகிப்தில் இதற்கு ரக்ஸ் பலதி என்றும் பேர். பலதி என்றால் ஊருக்குரியது, மண்ணுக்குரியது. கல்யாண வீட்டில் பெண்கள் ஒருவருக்கொருவர் ஆடிக்கொள்ளும் ஆட்டம். இதையே பிழைப்பாகக் கொண்டு தெருவில் ஆடிய கவாஸிப் பெண்களை 1834இல் முகமது அலி பாஷா கெய்ரோவை விட்டே விரட்டினார். தெற்கே எஸ்னா பக்கம் போனார்கள். வெள்ளைக்காரப் பயணிகள் நைல் நதியில் படகு பிடித்து அங்கேயும் போய்ப் பார்த்து எழுதினார்கள். 1893இல் சிகாகோ கண்காட்சியில் வயிற்றாட்டம் என்று டிக்கெட் போட்டு விற்றார்கள். 1926இல் பதியா மசாப்னி கெய்ரோவில் கேளிக்கை அரங்கம் திறந்தார், பிறகு சினிமா. படத்தில் வந்தவளுக்குக் கைதட்டு. 2020இல், சமூக ஊடகத்தில் போட்ட படங்களுக்காக கெய்ரோவில் ஒரு ஆட்டக்காரிக்கு மூன்றாண்டு சிறைத்தண்டனை.

ஆட்டம் வேணும், ஆடுறவ வேணாம். நமக்குத் தெரியாத கதையா இது? 1947இல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டு ஒழிப்புச் சட்டம் வந்தது. அந்தக் கொடுமை ஒழிந்தது நல்லதுதான். ஆனால் சதிராட்டம் அதற்கு முன்பே பரதநாட்டியமென்று பேர் மாறிச் சபா ஏறத் தொடங்கியிருந்தது, ஆடியவர்களின் பேத்திகளை வெளியே விட்டுவிட்டு. என் ஆசிரியையும் அதைத்தான் செய்கிறார், கெய்ரோவில் துரத்தப்பட்டவளின் அசைவை எடுத்துக்கொண்டு, இங்கே துரத்தப்பட்டவளை ஆபாசம் என்கிறார். பணம் கட்டினவள் இடுப்பு கலை, கூலிக்கு ஆடினவள் இடுப்பு ஆபாசம்.

இரண்டாம் மாதம் அவரிடம் சொன்னேன், அந்தத் திருவிழா ஆட்டக்காரி எங்க பெரியம்மா என்று. "சாரி, நான் அந்த அர்த்தத்துல சொல்லல" என்றார். எந்த அர்த்தம் என்று கேட்டேன். பாட்டைப் போட்டுவிட்டார்.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். பெரியம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, மூட்டு வலி. படிச்சதை ஆடிக் காட்டுடி என்றாள். ஆடினேன். தோள் எழுந்து வந்தது.

"தலையில செம்பு இருக்குன்னு நெனச்சுக்க," என்றாள். "தண்ணி சிந்தக் கூடாது. இப்ப ஆட்டு."

தோள் நின்றது. பெரியப்பா திண்ணையிலிருந்து எழுந்து வெளியே போய்விட்டார். பெரியம்மா கதவைச் சாத்திவிட்டு, "இன்னொரு பக்கம்" என்றாள்.