வெள்ளைப் பந்தின் வீழ்ச்சி

பூல் ஆடும் மேசையருகே சிறிது நேரம் நிற்பவர் எவரும் தவறாது கேட்கும் சொல் ஒன்றுண்டு, "எல்லாம் விதி!" என்பதே அது. குறித்த பந்து குறித்த குழியில் அழகாக விழும். கூடி நிற்போர் கைதட்டத் தொடங்குவர். அதற்குள் அடித்த வெள்ளைப் பந்து தனக்கென ஒரு வழி கண்டு, யாரும் எண்ணாத ஒரு மூலைக் குழியை நோக்கி மெல்ல உருண்டு சென்று மறையும். இதனையே ஆட்டக்காரர் ஸ்கிராட்ச் என்பர். உடனே ஆடியவர் கோலின் நுனியை உற்று நோக்குவார். மேசை சரிவாயிருக்கின்றது என்பார். மேசையின்மேற் குற்றஞ் சொல்ல வழியில்லையேல் விதியின்மேற் சொல்வார். பயிற்சி குறைந்தோர் ஆட்டத்தில் இஃது ஒருமுறை இருமுறையன்று, பன்முறை நிகழ்கின்றது. இவ்வளவு ஒழுங்காக வந்துபோகும் ஒன்றை விதியென்று சொல்லுதல் பொருந்தாது என்பது என் துணிபு.

இதனைச் சிறு பிழையென்று தள்ளுவோர் அதன் விலையை எண்ணிப் பாராதவர். ஸ்னூக்கரில் வெள்ளைப் பந்து விழுந்தால் எதிராளிக்குக் குறைந்தது 4 புள்ளிகள் சேரும். உலகப் போட்டிகளில் வழங்கும் எட்டுப்பந்துப் பூலில் தண்டனை அதனினும் கொடிது. எதிராளி வெள்ளைப் பந்தைக் கையிலெடுத்துத் தான் விரும்பிய இடத்தில் வைத்து ஆடலாம். பகைவனுக்குக் கோட்டைத் திறவுகோலை நாமே நீட்டுவது போன்றதாம் இது. எட்டாம் எண்ணுள்ள கரும்பந்தை வீழ்த்தும் இறுதி அடியில் வெள்ளையும் உடன் விழுமாயின், வென்ற ஆட்டமே தோற்ற ஆட்டமாகிவிடும். இருவர் இருவராய்ச் சேர்ந்தாடும்போது ஒருவன் செய்த பிழைக்கு அவன் துணைவனும் தோற்க வேண்டியவனாகின்றான். மணிக்கணக்கில் வாடகை கொடுத்தாடும் கூடங்களிலோ, வீட்டிலிருந்து வந்த பணமன்றோ குழியில் விழுகின்றது!

திருவள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். நம் நண்பர்கள் முன்னதை மட்டும் மேசையருகே கொண்டுவந்து, பின்னதை வகுப்பறையிலேயே விட்டுவிடுகின்றனர்.

விதியன்று என்பதற்குச் சான்று வேண்டுவோர் பூலின் மூத்த உறவாகிய ஆங்கிலப் பில்லியர்ட்ஸைப் பார்க்கக் கடவர். அவ்வாட்டத்தில், வேறொரு பந்தைத் தொட்டபின் நம் பந்து குழியில் விழுவது குற்றமன்று, ஆதாயம். செம்பந்தைத் தொட்டு விழுந்தால் 3 புள்ளிகள். எதிராளியின் பந்தைத் தொட்டு விழுந்தால் 2. ஆஸ்திரேலிய நாட்டு ஜார்ஜ் கிரே என்னும் இளைஞர், செம்பந்தின்மேற் பட்டுத் தம் பந்து குழியில் விழும் இந்த ஓர் அடியையே திரும்பத் திரும்ப ஆடி, 1911-ஆம் ஆண்டில் ஒரே மூச்சில் 2,196 புள்ளிகள் ஈட்டினார். காண்போர் சலிப்புற்றமையாற் போலும், பிற்காலத்தில் இவ்வகை அடிகளைத் தொடர்ந்து இத்தனை முறைதான் ஆடலாமென்று எல்லை வகுத்தனர். ஒருவர் வேண்டும்போதெல்லாம் பந்தைக் குழியில் விழச் செய்யக்கூடுமாயின், அதனை வேண்டாதபோது விழாமற் காப்பதும் கூடுமன்றோ? கிரேயின் கைக்கு அடங்கியது நம் கைக்கு மட்டும் விதியாவது எங்ஙனம்?

அடங்குவதன் காரணம் பந்துகளின் இயல்பிலேயே உள்ளது. பிரான்சு நாட்டுக் கணித வல்லுநர் கோரியோலிஸ் (சுழலும் பூமியில் காற்றின் வழி விலகுவதை விளக்கும் விசை இவர் பெயரால் வழங்குவது) 1835-இல் பில்லியர்ட்ஸ் ஆட்டத்தின் கணிதத்தைப் பற்றித் தனி நூலொன்று எழுதி வெளியிட்டார். அந்நூலைக் கற்றபின்தான் கோலைத் தொடவேண்டுமென்பதில்லை. இரண்டு செய்திகளை அறிந்தாற் போதும். ஒத்த எடையுள்ள பந்துகளுள், வெள்ளைப் பந்து முன்னோக்கியோ பின்னோக்கியோ சுழலாமல் துணியின்மேல் வழுக்கிச் சென்று மற்றொன்றின் பக்கத்தில் மோதினால், மோதியபின் இரண்டும் செங்கோணமாகப் பிரியும். அஃதாவது குறிப்பந்து சென்ற வழிக்கு 90 பாகையில் வெள்ளைப் பந்து செல்லும். அங்ஙனமன்றி இயல்பாக உருண்டு சென்று, மிக மெலிதாகவும் மிக நிறைவாகவும் அன்றி இடைப்பட்ட அளவில் மோதினால், தான் வந்த நேர்வழியினின்றும் ஏறத்தாழ 30 பாகை விலகிச் செல்லும். சுட்டுவிரலையும் நடுவிரலையும் நன்கு விரித்துப் பிடித்தால் இவ்வளவு கோணம் ஏறக்குறைய அமையும்.

இந்த 30 பாகையில் ஒரு நுட்பம் உண்டு. வெள்ளைப் பந்தின் மையம் குறிப்பந்தின் விளிம்பை நோக்கிச் செல்லுமாறு அடிப்பதை அரைப்பந்து அடி என்பர். அவ்வடியில் குறி சிறிது பிழைத்தாலும் வெள்ளையின் வழி பெரிதும் மாறுவதில்லை. கிரே போன்றார் அதனை நம்பி வாழ்ந்தது அதனாற்றான். நம்மவர் வெள்ளைப் பந்து ஒரே வகையான இடங்களில் மீண்டும் மீண்டும் விழுவதும் அதனாற்றான்! அடிப்பவர் கை நடுங்கினாலும் பந்து தன் வழியை விடுவதில்லை. மேசையில் ஆறு குழிகள். பூல் மேசையின் மூலைக் குழியின் வாயோ பந்தின் அகலத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. குறிப்பந்துக்கு இடங்கொடுக்கும் வாய் வெள்ளைக்கு மட்டும் மூடிக்கொள்ளுமோ?

நம் நாட்டு மாணாக்கர்க்கு இப்பிழை மிகுதற்கு வேறொரு காரணமும் உண்டென எண்ணுகிறேன். நம்மிற் பலர் கேரம் பலகையில் வளர்ந்தவர். கேரத்திலும் ஸ்டிரைக்கர் விழுந்தால் காய் ஒன்றைத் திருப்பிவைக்கும் தண்டம் உண்டு. ஆயினும் ஒவ்வோர் அடிக்கும் ஸ்டிரைக்கரை எடுத்து நம் கோட்டின்மேல் வைத்துக்கொள்கிறோம். முன் அடியில் அஃது எங்கே நின்றதென்பது பற்றி நமக்குக் கவலையில்லை. பூலில் வெள்ளைப் பந்து நின்ற இடமே அடுத்த அடியின் தொடக்கம். அன்றியும் ஸ்டிரைக்கர் 15 கிராம் வரை எடையுள்ளது. காயோ 5 கிராம் அளவினது. கனத்தது மெலிந்ததை மோதினால் தன் வழியிற் பெரிதும் விலகாது முன்னே செல்லும். ஒத்தது ஒத்ததை மோதினால் அவ்வாறு செல்லாது. கேரத்திற் பழகிய கண் பூல் மேசையில் தவறான வழியையே எதிர்பார்க்கின்றது. இது கேரத்தின் குற்றமன்று. கேரம் போன்ற இனிய ஆட்டம் வேறில்லை.

இனி, முதிர்ந்த ஆட்டக்காரர் கூறும் அறிவுரையைப் பார்ப்போம். "மெதுவாக ஆடு, விழாது" என்கின்றனர். இது பாதி உண்மை. மிக்க விசையோடு அடித்த பந்து மேசையெங்கும் அலைந்து, தற்செயலாய் ஒரு குழியைக் காண்பதுண்டு. தொடக்க அடியில் முன்னிற்கும் பந்தை நேரே மோதாமல் வலிமையை மட்டும் காட்டுவோர் வெள்ளையை இழப்பதும் இவ்வாறே. ஆனால் மெதுவாக அடித்த பந்து விரைவில் உருளத் தொடங்கிவிடும். உருண்டால் 30 பாகை வழிதான். குறிப்பந்தும் குழியும் நேர்க்கோட்டில் இருக்கும்போதோ, மெல்ல அடித்த வெள்ளை தன் தோழனைப் பின்தொடர்ந்து அதே குழியில் இறங்கிவிடும். அங்கே வேண்டுவது மென்மையன்று; வெள்ளையின் நடுவிற்குச் சற்றுக் கீழே கோல் படுதல். தொலைவு கூடக்கூடத் துணியின் உராய்வு பின்சுழற்சியைத் தின்றுவிடுமாதலின், இன்னும் சிறிது தாழ அடித்தல் வேண்டும்.

ஆதலின் புதிதாய்ப் பயில்வோர் முதலில் வெள்ளைப் பந்தை வேண்டுமென்றே குழியில் வீழ்த்தப் பழகுக என்பதே யான் சொல்ல வந்தது. இதனைக் கேட்ட நண்பர் ஒருவர் நகைத்து, "நீந்தக் கற்பிக்க மூழ்கச் சொல்கிறாயோ?" என்றார். நீரில் இறங்காதவன் நீந்தினதும் இல்லையே. ஸ்னூக்கர் 1875-இல் ஜபல்பூரில் படை அதிகாரிகளிடையே பிறந்ததென்றும், அதன் விதிகள் 1882-இல் உதகமண்டலத்தில் வரையப்பெற்றன என்றும் கூறுவர். அதனைத் தோற்றுவித்த நெவில் சேம்பர்லின் (பிரதமராயிருந்தவர் வேறொருவர்) முதலியோரும் பில்லியர்ட்ஸ் அறிந்த கையினராகவே புதிய ஆட்டத்திற்கு வந்தனர். 1958-இல் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை நம் நாட்டிற்கு ஈட்டித்தந்த வில்சன் ஜோன்ஸ் பயின்றதும் அக்கலையே. நாம் அந்த முதற்பாடத்தை விட்டுவிட்டு இரண்டாம் பாடத்தில் தொடங்குகின்றோம்.

இதற்குச் செலவு ஒன்றுமில்லை. இரண்டு பந்துகள் போதும். உருளும் வெள்ளை 30 பாகை விலகினால் மூலைக் குழியில் விழுமாறு அவற்றை வைத்து, பத்து முறை அடித்துப் பார்க்கலாம். பத்தில் ஏழெட்டு முறை வெள்ளை விழத் தொடங்கியபின், பந்துகளை இடம் மாற்றாமல், கோலை மட்டும் நடுவிற்குக் கீழே தாழ்த்தி, சிறிது விரைவாக அடிக்கவேண்டும். குறிப்பந்து முன்போன்றே செல்லும். வெள்ளையோ பழைய வழியினும் அகன்று சென்று, குழிக்கு எட்டாத பக்க விளிம்பிற் பட்டு மீளும்.