வாஷிங் மெஷினைக் கெடுப்பது சேறு



கேமரன் மலைத் தோட்டங்களிலும் ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் வட்டாரத்திலும் உள்ள லயத்து வீடுகளுக்கும் தாமான்களுக்கும் தண்ணீரை மென்மையாக்கும் மென்னீர்க் கருவி விற்க ஆட்கள் வருகிறார்கள். “உங்கள் குழாயில் வருவது கடினத் தண்ணீர், அதனால்தான் ஹீட்டர் எரிகிறது, வாஷிங் மெஷின் நிற்கிறது” என்று சொல்லித் தவணைத் தாளை நீட்டுகிறார்கள். கையெழுத்துப் போடுமுன் இதைப் படித்துவிடுங்கள்.

கடினத் தண்ணீர் என்றால் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் கரைந்த தண்ணீர். யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் அது உண்டு. அங்கே நிலத்தடியில் சுண்ணாம்புப் பாறை. தண்ணீரைக் காய்ச்சினால் கேத்தலில் வெள்ளைப் பொருக்கு கட்டும். நம் மலை பெரும்பாலும் கருங்கல். ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழை அதன்மேல் ஓடி வரும்போது, கரைத்துக்கொண்டுவர அங்கே சுண்ணாம்பு ஏது? தேயிலையே இதற்குச் சாட்சி. புளிப்பேறிய மண்ணில்தான் அது தழைக்கும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இலை மஞ்சளாகிச் சோர்ந்துவிடும். போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது 1929-இல். இன்றும் இங்கே கொழுந்து பறிக்கிறோம்.

சந்தேகம் இருந்தால் நீங்களே பாருங்கள். கேத்தலின் அடியில் படிந்ததன்மேல் கொஞ்சம் வினிகர் ஊற்றுங்கள். நுரைத்துக் கரைந்தால் அது சுண்ணாம்பு. கரையாமல், விரலில் எடுத்தால் பழுப்பாய் நறநறவென்று இருந்தால் மண். குளிக்கும்போது சவர்க்கார நுரை எவ்வளவு ஊற்றினாலும் போக மாட்டேன் என்கிறதே, அதுவும் மென்மையான தண்ணீரின் குணம்தான்.

ஆக, நம் சாமான்களைக் கெடுப்பது சேறு. மழை கொட்டினால் குழாயில் தேத்தண்ணீர் நிறத்தில் வருவது நமக்குப் புதிதல்ல. அந்த மண் வாஷிங் மெஷினின் பின்பக்கக் குழாய் வாயில் உள்ள சிறு வலையை அடைக்கும். தண்ணீர் ஏறாமல் மெஷின் நின்றுவிடும். ஹீட்டர் தொட்டியின் அடியில் படிந்து, சூடேற்றும் கம்பியை மூடும். கம்பி சூடு தாங்காமல் எரிந்துபோகும். மென்மையான, சற்றே புளிப்பேறிய தண்ணீர் செப்புக் குழாயையும் மெல்ல அரிக்கக்கூடும். கழுவு தொட்டியில் நீலப்பச்சைக் கறை தெரிந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். இதில் எதையும் மென்னீர்க் கருவி தீர்க்காது. சுண்ணாம்பை வாங்கிக்கொண்டு உப்புச் சத்தை விடுவது மட்டும்தான் அதன் வேலை. சேறு புகுந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும்.

அந்தக் கருவிக்குக் கொடுக்கும் காசில் ஒரு பகுதியைக் கொடுத்து, வீட்டுக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் மண் வடிகட்டி ஒன்று மாட்டுங்கள். வாஷிங் மெஷின் வலையை, தண்ணீரை மூடிவிட்டுக் கழற்றி, பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். ஹீட்டரை மட்டும் நீங்களே திறக்க வேண்டாம். மின்சார வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். பெருமழை பெய்த அன்று துணி துவைப்பதைத் தள்ளிப்போடுங்கள்.

தோட்ட வீடுகளில் இருப்பவர்களுக்கு இன்னொரு வார்த்தை. தொழிலாளர் குடியிருப்புக்குப் போதுமான குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தருவது முதலாளியின் கடமை என்று 1990-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஓடைத் தண்ணீர் வரும் லயங்களில் மேட்டுத் தொட்டியை எப்போது கழுவினார்கள் என்று கேளுங்கள். தனியாகக் கேட்டால் “பார்க்கலாம்” என்ற பதிலோடு போய்விடும். லயமே சேர்ந்து, எழுத்தில் கேளுங்கள்.

ஆனால் வடிகட்டியும் தொட்டியும் நம் வீட்டளவு வேலை. மண் வருவது மேலிருந்து. காய்கறித் தோட்டத்துக்கும் சாலைக்கும் சரிவை வெட்டி மண்ணை வெறுமனே விடுகிறார்கள். வேர் பிடித்த தேயிலை மண்ணைக் காக்கும் என்றாலும், புதிதாக நடும் தேயிலைச் சரிவும் சில காலம் மொட்டையாகத்தான் கிடக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ரிங்லெட்டில் 1963-இல் கட்டி முடித்த சுல்தான் அபு பக்கார் அணையின் நீர்த்தேக்கத்தைப் பாருங்கள். ஏரி சுருங்கித் தெரிகிறது. வாரி எடுக்க எடுக்க வண்டல் சேர்கிறது. தண்ணீர் தங்க இடம் குறைந்தால் பெருமழையில் மதகைத் திறந்துதான் ஆக வேண்டும். 2013 அக்டோபர் 23 அதிகாலை பெர்தாம் பள்ளத்தாக்கில் உயிர்களைக் கொண்டுபோன வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். நம் மெஷின் வலையை அடைப்பதும் அந்த ஏரியை நிரப்புவதும் இதே மலைகளின் மண்தான்.

தோட்டம் போடும் நண்பர்களே, வெட்டிய சரிவை மழைக்காலத்துக்கு முன் புல்லாலோ பாயாலோ மூடுங்கள். ஓடைக்கரை மரத்தை விட்டுவையுங்கள். வடிகாலின் முடிவில் மண் தங்கும் குழி ஒன்று வெட்டுங்கள்.

மற்றவர்களிடம் நாங்கள் கேட்பது சிறிய வேலை. குழாய்த் தண்ணீர் பழுப்பாக வந்தால் கண்ணாடிப் போத்தலில் பிடித்து, தேதி, நேரம், வீட்டு எண் எழுதிப் படம் எடுங்கள். மேலே எங்காவது புதிதாக மலையை வெட்டியிருந்தால் அதையும் படம் எடுங்கள். தண்ணீர்ப் படத்தைப் பகாங் நீர் நிர்வாகத்துக்கும், சரிவின் படத்தை மாவட்ட நில அலுவலகத்துக்கும் மாவட்ட மன்றத்துக்கும் அனுப்பி, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எண் இல்லாத புகாரைப் பின்தொடர முடியாது.