மூளையின் மதகு

குற்றாலத்து அருவி எவ்வளவு கொட்டினும், கால்வாயின் மதகு திறவாவிடில் தென்காசி வயலுக்கு நீரில்லை. மூளைக் கட்டிக்குரிய நவீன சிகிச்சையும் இவ்வாறே தடைப்பட்டு நிற்கின்றது. 1885-ல் ஜெர்மானியப் பண்டிதர் பால் எர்லிக் பிராணிகளின் ரத்தத்தில் சாயம் செலுத்தியபோது, ஏனைய அவயவங்கள் நிறம் பெற, மூளை மாத்திரம் பெறவில்லை. மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்ச் சுவர்களில் உயிரணுக்கள் இடைவெளியின்றிப் பிணைந்து, விஷத்தைப் போலவே மருந்தையும் தடுக்கின்றன. தேகத்தின் நோயெதிர்ப்புச் சக்தியைப் பின்பற்றிச் செய்யப்படும் எதிர்ப்பொருள் மருந்துகளில் ஆயிரத்தில் ஓரிரு பங்கே உட்புகும்.

ஆதலின், பாஸ்டன் நகர வைத்தியர்கள் நோயாளிகளின் ரத்தத்தினின்றே எடுத்துத் திருத்தியமைத்த எதிர்ப்பணுக்களை மூளையின் நீரறையில் நேராகவே செலுத்தி, பலனை 2024-ல் வெளியிட்டனர். மூவருக்கும் கட்டி சில தினங்களில் சுருங்கிற்று. இருவருக்கு மீண்டும் வளர்ந்தது. வழி தென்பட்டது, வெற்றி இன்னும் கிட்டவில்லை.

இதில் நம் தேசத்தார் வெறும் பார்வையாளராயிருத்தல் தகாது. பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு ஆஸ்பத்திரியும் சேர்ந்து ரத்தப் புற்றுக்கென உருவாக்கிய இத்தகைய அணு சிகிச்சைக்கு 2023-ல் சர்க்கார் அனுமதி கிடைத்தது. அதன் விலை அமெரிக்க விலையில் சுமார் பத்திலொரு பங்கு. எனினும் பல லட்சம் ரூபாய். அதே சாமர்த்தியத்தை மூளைக் கட்டியின்பாலும் திருப்பச் சர்க்கார் தாராளமாய்ப் பொருளுதவி புரிதல் வேண்டும். அன்றேல், மதகு திறக்கும் நாளிலும் நீர் தனவந்தர் வயலுக்கே பாயும்.